பெயர் கேட்காத செயலி

தமயந்தி தனியாளாக உருவாக்கிய மாதவிலக்கு நாட்களைக் குறித்துவைக்கும் செயலி யாருடைய பெயரையும் கேட்காது. பதிவதெல்லாம் அவரவர் போனிலேயே இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் தோழி ஷகிலாவும் அதை வைத்திருந்தாள்.

"நாள் தள்ளிப்போனத உன் ஆப்ல மட்டும்தான் போட்டேன். வீட்டுக்காரருக்கே இன்னும் சொல்லல. இன்னைக்கு ஆபீஸ்ல வாழ்த்து சொல்லி, வேலையவிட்டு நிறுத்திட்டாங்க," என்றாள் ஷகிலா.

தமயந்தி செயலியின் நிரலை வரிவரியாகப் பார்த்தாள். அவள் எழுதாத நான்கு வரிகள் உள்ளே இருந்தன. நிரல் எழுத அவள் வாங்கிய மென்பொருளே அவற்றைச் சேர்த்து, எல்லாப் பதிவுகளையும் அவரவர் போன் எண்ணோடு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த மென்பொருளை விற்ற நிறுவனத்தை அழைத்தாள்.

"விவரங்கள கம்பெனிகளுக்கு விக்க, போன அப்டேட்ல நீங்க சம்மதிச்சிருக்கீங்க, மேடம்," என்றது ஒரு பணிவான குரல்.

"நான் சம்மதிச்சா அந்தப் பொண்ணுங்க சம்மதிச்சதா ஆயிடுமா?"

செயலியை அன்றே விற்பனையிலிருந்து எடுத்துவிட முடியும். ஆனால் ஏற்கெனவே வைத்திருக்கும் பெண்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருந்தாள்.

"யாரோட விவரமெல்லாம் உங்ககிட்ட வந்திருக்குன்னு சொல்லுங்க," என்று கேட்டாள். "நான் அவங்கள எச்சரிக்கணும்."

"மன்னிக்கணும், மேடம். அது அவங்க அந்தரங்கம். வெளியாளுக்குத் தர முடியாது."