வில்லங்க வக்கீலின் பதினெட்டாவது கேள்வி

"இந்த ஆளை மாத்தலேன்னா வீடு கைவிட்டுப் போயிடும்," என்றார் பேக்கரிக்காரர். வக்கீல் ஆபீஸ் மாடிப்படியில் நின்று சொன்னதால் கொஞ்சம் அடக்கியே சொன்னார்.

மனைவி நிற்காமல் முன்னால் ஏறினாள். இந்த வக்கீலைப் பிடித்துப்போட்டதே அவள்தான்.

வீடு வாங்குவது என்று முடிவானதும் இருவருமாக மூன்று வக்கீல்களைப் பார்த்தார்கள். முதல் ஆள் இவர்களை எதிரே உட்கார வைத்துவிட்டு ஊரில் உள்ள மற்ற எல்லோரிடமும் போனில் பேசினார். இரண்டாவது ஆள், காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுங்கள், பத்தே நாளில் சாவி என்றார். பேக்கரிக்காரருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மூன்றாமவர் இவர். பத்திரத்தில் வில்லங்கம் இருக்கிறதா என்று எல்லா வக்கீலும்தான் பார்ப்பார்கள். இவர் கிடைக்கும் வரை பார்ப்பார் என்று பேச்சு. அதனால் பெயரே வில்லங்க வக்கீல்.

"பத்து நாள்ல முடிக்கிறவர் எதைப் படிச்சுப் பார்ப்பார்?" என்று மனைவி கேட்டாள். அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

அன்று ஆரம்பித்தது கடிதப் போக்குவரத்து. வீட்டை விற்பவர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய வக்கீலுக்கு நம்மவர் எழுதித் தள்ளினார். சாக்கடைக் குழாய் யார் நிலத்தின் வழியாகப் போகிறது? இடது பக்க மதில் யாருடையது? மாடிப்படி கட்ட அனுமதி வாங்கினீர்களா? ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் அதிலிருந்து இரண்டு கேள்வி முளைத்தது.

மதில் யாருடையதாக இருந்தால் என்ன, விழுகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று பேக்கரிக்காரர் மாவு பிசைந்தபடி பொருமினார்.

பொருமலில் நியாயமும் இருந்தது. இப்போது இருக்கும் வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து ஆகாவிட்டால் வேறு ஆள் தயார் என்று கண்ணாடிக் கடைக்காரர் சொல்லிவிட்டார். மூன்று வருஷம் அலைந்து கிடைத்த வீடு. பேக்கரிக்கு நடக்கிற தூரம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு அறை. அதை ஒரு சாக்கடைக் குழாய்க்காக விட முடியுமா?

இன்று புதன்கிழமை. வக்கீல் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, நிதானமாக ஃபைலைப் பிரித்தார்.

"பதினெட்டாவது கேள்விதான் இடிக்குது," என்றார். "வீட்டுல யாராவது குடியிருக்காங்களான்னு கேட்டிருந்தேன்."

"அதுக்குத்தான் பதில் வந்துடுச்சே சார். யாருமில்லைன்னு எழுதியிருக்காங்க. அவங்க குடும்பம் புது வீட்டுக்குப் போயே மூணு மாசம் ஆச்சு." பேக்கரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதிக் கையெழுத்துப் போட்டது அவங்க. நாளைக்கு ஏதாவதுன்னா பொறுப்பும் அவங்க. நமக்கென்ன?"

"நேத்து அந்தப் பக்கமா ஒரு வேலை இருந்துச்சு. அப்படியே வீட்டையும் ஒரு சுத்து சுத்தினேன். பின்னால கொடியில துணி காயுது. யாருமே இல்லாத வீட்டுல துவைச்சுப் போட்டது யாரு?"

பேக்கரிக்காரர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவிதான் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

வக்கீல் கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தவர் கண்ணாடிக் கடைக்காரரின் அப்பா. பின் அறையில் தனியாக இருக்கிறார். மகன் தினமும் சாயங்காலம் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். புது வீட்டில் இன்னும் பெயிண்ட் வேலை முடியவில்லை, முடிந்ததும் அழைத்துப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.

"வீடு கைமாறப் போறது அவருக்குத் தெரியவே தெரியாது," என்றார் வக்கீல். "கட்டும்போது பாதிக்கு மேல போட்டது அவரோட பணம். விஷயத்தைச் சொல்லி அவர்கிட்ட எழுதி வாங்காம நீங்க சாவி வாங்கினா, வீட்டோட அவரையும் சேர்த்து வாங்கின மாதிரிதான்."

பேக்கரிக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்த அப்பனை, ஆளே இல்லைன்னு எழுதறதுக்கு அந்த மனுஷனுக்கு எப்படிக் கை வந்தது?"

அதோடு நிறுத்தவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்டினார். கண்ணாடிக் கடைப் பக்கமே இனித் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றார். பெரியவரின் கண்ணீர் விழுந்த வீட்டில் குடிபுகுந்தால் விளங்குமா என்று மனைவியிடமே கேட்டார். நல்லவேளை, அவசரக்குடுக்கையான வக்கீல் எவரிடமும் மாட்டாமல் தப்பித்தோம் என்று வில்லங்க வக்கீலைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷனைக் கொஞ்சம் பெருமையாகவும் பார்த்தாள். வீடு போனால் போகட்டும், வேறு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு, "அவருக்கு ஏதாவது வேணுமான்னு கேட்டீங்களா சார்?" என்றாள்.

"கேட்டேம்மா." வக்கீல் ஃபைலை மூடினார். பதிலை அவளுக்குச் சொன்னாலும் பார்த்ததென்னவோ பேக்கரிக்காரரை. "போன மாசம் மகனோட ஒருத்தர் வந்து அந்த அறையை அளந்தாராம். புதுக் கட்டில் செய்யறவர்னு மகன் சொன்னதும், பெரியவரே எழுந்து வந்து டேப்போட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டாராம். கட்டில் செய்யறவர் சட்டையெல்லாம் ஏன் மாவா இருந்ததுன்னுதான் அவருக்குப் புரியலை. கட்டில் எப்ப வரும்னு கேட்டார்... என்ன சொல்லட்டும் சார்?"