எட்டாவது அலை

மாப்பிள்ளை விருந்துக்கு வந்திருக்கும்போது, மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிற மாமனாரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நாராயணசாமி கிளம்பினார்.

“ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் இருக்குதா? ஒரு வருசம் கழிச்சு மாப்ள வந்துகிறாரு” என்று அடுப்படியிலிருந்து சின்னக்கண்ணு பிடித்துக்கொண்டாள்.

மரவள்ளி வாடுது என்று முணுமுணுத்துவிட்டு மனுஷன் நடையைக் கட்டினார். முந்தாநாள் பெய்த மழையில் வயலெல்லாம் சேறாகக் கிடந்தது.

சின்னக்கண்ணு கேட்டதில் நியாயம் இருந்தது. போன வருஷம் கேரம் போர்டில் மாமனார் ஜெயித்துவிட்டார் என்ற ஒரே கோபத்தில், கை நனைக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்தவர் மாப்பிள்ளை சிவசங்கர். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் அபிநயாவும் பின்னால் ஏறிப் போனாள். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் இந்த வீட்டுப் படி ஏறியிருக்கிறார்கள்.

ஆனால் நாராயணசாமிக்கும் வேறு வழியில்லை. பதினோரு மணிக்கு லைவ்.

விஷயம் இதுதான். கல்யாணமாகிப் போனபோது அபிநயா பரண்மேல் விட்டுப்போன புத்தகக் கட்டில் ஒரு ஜப்பான் படக்கதை இருந்தது. மாங்கா என்பார்களாம். கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றியது. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருந்தாள். மகள் இல்லாத வீட்டில் பொழுது போகாமல் புரட்ட ஆரம்பித்தவர், ஐம்பத்தெட்டு வயசில் அதற்குப் பைத்தியமாகிவிட்டார்.

அந்தக் கதையில் உயிரலை என்று ஒரு சக்தி. மனசுக்குள்ளிருந்து கிளம்புவது. ஒரு அலை கைகூடினால் மணிக்கட்டில் ஒரு கோடு விழும். ஏழு அலை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். எட்டாவது எப்படி வரும் என்று எழுதுகிறவர் இன்னும் சொல்லவில்லை. அவர் சொல்லாததற்கு இங்கே அடிதடி.

தமிழ் ரசிகர்களின் குரூப்பில் ‘கேப்டன்’ என்று ஒருத்தன் இருந்தான். உச்சக்கட்ட ஆத்திரத்தில்தான் எட்டாவது அலை வரும் என்பது அவன் கட்சி. ‘சூறைக்காத்து’ என்ற பேரில் நாராயணசாமி எதிர்க்கட்சி. அது அவர்தான் என்று அபிநயாவுக்கு மட்டும் தெரியும். ஜெயிக்கப் போகிறவன் தானாக வாளைக் கீழே இறக்கினால்தான் வரும் என்பார். அவசரப்பட்டுப் புடுங்கின கிழங்கில் மாவு நிற்காது என்று மரவள்ளியைச் சாட்சிக்கு இழுப்பார். விட்டுக்கொடுக்கிறவனுக்குச் சக்தி எங்கேயிருந்து வரும் என்று கேப்டன் கேலி செய்வான். இப்படியே மூன்று வருஷம் எழுதி எழுதிச் சண்டை. இன்றைக்கு நேரலையில் முடிவு. தோற்றவர் குரூப்பை விட்டே போய்விட வேண்டும்.

மலையடிவாரத்து ஊரில் மாடியிலும் மோட்டார் கொட்டாயிலும்தான் டவர் கிடைக்கும். மாடியை ஆபீஸ் மீட்டிங் என்று மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் உழைக்கிற மாப்பிள்ளை என்று சின்னக்கண்ணுவுக்கு ஏகப் பெருமை.

வீட்டுக்கு எதிரே இருந்த கொட்டாயில் உட்கார்ந்து நாராயணசாமி கண்ணாடியை மாட்டினார். கூச்சமாக இருக்கிறது, நான் எழுத்திலேயே பதில் சொல்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கேப்டன் பேசினான், அரை மணி நேரம்.

நாராயணசாமியிடம் பிரம்மாஸ்திரம் இருந்தது. முப்பத்தோராம் பாகத்தில் ஒத்தைக்காது கொள்ளைக்காரன் ஒரு குருடன் முன்னால் வாளை இறக்குகிற படம். அவன் மணிக்கட்டில் எட்டுக் கோடு. பொடிப்பொடியாகப் போட்டிருந்ததால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இவர் எண்ணியிருந்தார். போட்டோ தயாராக இருந்தது.

“ஆதாரம் இருந்தா போடுங்க சூறைக்காத்து. இல்லன்னா மூட்டையக் கட்டுங்க” என்றான் கேப்டன். எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது.

அனுப்புவதற்கு விரலைக் கொண்டுபோனார்.

“மாப்ள, கறி ஆறுது, வாங்க” என்று வாசலிலிருந்து சின்னக்கண்ணுவின் குரல் வந்தது. ரெண்டு நொடி கழித்து, அதே கறி போனுக்குள்ளும் ஆறியது.

நாராயணசாமி போனைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். கேரம் போர்டு ஞாபகம் வந்தது. பைக்கின் பின்சீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன மகள் ஞாபகமும் வந்தது.

போட்டோவை அழித்தார். ‘நீங்க சொல்றதுதான் சரிங்க. நான் தோத்துட்டேன்’ என்று தட்டிவிட்டுக் குரூப்பிலிருந்து வெளியேறினார். மூன்று வருஷச் சிநேகிதம்.

மாப்பிள்ளை மாடியிலிருந்து ரெண்டு ரெண்டு படியாக இறங்கி வந்தார். மாப்பிள்ளை சாப்பிட்டு முடிக்கிறவரை மாமனார் உட்காரக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். நாராயணசாமி நின்றபடியே பரிமாறினார்.

“மீட்டிங் நல்லபடியா முடிஞ்சுதுங்களா மாப்ள?”

“ஒருத்தன் மூணு வருசமா ஏங்கிட்ட மல்லுக்கு நின்னுக்கினு இருந்தான் மாமா. இன்னிக்கு வாயடைச்சி அனுப்பிட்டேன்.”

“அப்படிங்களா. இன்னும் ரெண்டு துண்டு வச்சிக்குங்க.”

மூன்றாவது தடவை சோறு வாங்கிய சந்தோஷத்தில், அபி ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும் என்று மாப்பிள்ளை தானாகவே சொன்னார். சின்னக்கண்ணு மாரியம்மனைக் கும்பிட்டாள். மாப்பிள்ளை ஏப்பம் விட்டுக்கொண்டு கை கழுவப் போனார்.

அப்புறம்தான் நாராயணசாமி இலை முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் வைக்க வந்த அபிநயா, அப்பாவின் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்:

“எட்டாவது கோடு வுழுந்துடுச்சாப்பா?”