வராந்தாவில் ஒரு கறுப்புக் கோட்டு

பூவாயிக்குச் சர்க்கார் கொடுத்த இலவச வக்கீல் வாய்தாவுக்கு வாய்தா மாறிக்கொண்டே இருந்தார். குடிகாரப் புருஷனிடமிருந்து மகளை மீட்க வேண்டும். வருகிற ஒவ்வொரு கறுப்புக் கோட்டிடமும் முதலிலிருந்து சொன்னாள். இன்றும் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒருவர் வந்து, "பூவாயிதானே?" என்றதும் எழுந்தாள்.

"ஆமா சார். இந்தத் தடவை நீங்களா? கோட்டு அதேதான், ஆளுதான் மாறுது."

அவர் சிரித்தார். "பிள்ளைய எங்கம்மா வச்சுக்குவ?"

வக்கீலிடம் மறைக்கக்கூடாது என்பார்கள். சூளைக்குச் சூளை மாறுவதை, செங்கல் களத்தில் தார்ப்பாய்க்குள் படுப்பதை, பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததை, போன மாசம் சாகலாமென்று கிணற்றடிவரை போனதை எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அதற்கே அவளுக்கு அழுகை வந்தது.

டவாலி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே அந்த வக்கீல் நேராகப் போய் அவள் புருஷன் பக்கத்தில் நின்றார். குனிந்து ஏதோ சொன்னார். புருஷன் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

சின்ன வயசு வக்கீலம்மா ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "நான்தாங்க இன்னைக்கு உங்களுக்கு. சட்டுனு சொல்லுங்க, என்ன விஷயம்?"

பூவாயி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள்.

"எல்லாத்தையும் அவருகிட்டச் சொல்லிட்டேனேம்மா."