ஒரு புட்டியில் இரண்டு மாத்திரை

ஆஸ்பத்திரி மாமரத்தடியில் சிப்பேகோவுக்குக் கண் சொக்கியது. மரமும் வெயிலும் தண்ணீருக்குள் கிடப்பவைபோல மெல்ல அசைந்தன.

“தூங்கித் தூங்கியே பிள்ளையப் பெத்துடுவா போல” என்றாள் மாமியார் பினா முடெண்டா, ஊருக்கே கேட்கும்படி.

மகன் செம்புச் சுரங்கத்துக்குப் போனதிலிருந்து மாமியார் அவளை நிழலாகத் தொடர்கிறாள். படுப்பதும் ஒரே அறையில்தான். நர்ஸ் கூப்பிட்டபோது உள்ளேயும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு. மாத்திரைய விட்டுட்டியா?”

“ஒரு வேளைகூட விடல, சிஸ்டர்.”

சத்தியமான பேச்சு. எச்.ஐ.வி. மாத்திரையை அவள் ஊரறியத்தான் விழுங்குவாள். பாதி ஊர் அதே வரிசையில் நிற்கிறது, யார் யாரைப் பழிப்பது? அதே புட்டிக்குள் கலந்து கிடக்கும் வலிப்பு மாத்திரைதான் ரகசியம். லிவிங்ஸ்டன் நகரத்திலிருந்து அண்ணன் வாங்கி அனுப்புவது.

வலிப்புக்காரியின் எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. களித் தட்டில் கைவைக்க விடமாட்டார்கள். பெற்ற பிள்ளையைக்கூடத் தூக்க விடமாட்டார்கள்.

“வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறியா? சில மருந்து இதோட வேலைய அமுக்கிடும். சொல்லிட்டா சரிபண்ணிடலாம். மறைச்சா, பிள்ளைக்கும் கிருமி போயிடும்மா.”

சுவர்கள் விலகிப் போயின. நர்ஸின் குரல் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தது. மாமியார் எழுந்து போனால் தேவலை என்றிருந்தது. அவள் அசைவதாக இல்லை.

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

“வலிப்பு மாத்திரை” என்றாள் சிப்பேகோ. சொன்ன வாய் தன்னுடையதுதானா என்றே தெரியவில்லை.

நர்ஸ் திட்டவில்லை. “கடைசியா எப்ப வந்துச்சு?”

“கல்யாணத்துக்கப்புறம் வரவே இல்ல, சிஸ்டர்.” அதையாவது மாமியார் கேட்டுக்கொள்ளட்டும் என்று அழுத்திச் சொன்னாள்.

பினா முடெண்டா தொண்டையைச் செருமினாள்.

“அவளுக்கு என்ன தெரியும், பாவம்! போன வாரம்கூட வந்துச்சும்மா. தூக்கத்துலயே வந்து தூக்கத்துலயே போயிடும். ஒருக்களிச்சுப் படுக்கவச்சு, இந்தக் கையாலதான் நுரையத் தொடச்சுவிட்டேன்.”