கஞ்சி ஊட்டிய கை

செத்துப்போன அம்மாவின் மூளையிலிருந்து பதிவுசெய்து வைத்த நினைவுகள் குடும்பத்துக்கே பொது. ஒருவர் அவற்றைத் திருத்தக் கைவைத்தால் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். நேற்றிலிருந்து பூட்டியே கிடக்கவும் வடிவுக்கு ரத்தம் கொதித்தது. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அப்படி என்னத்தண்ணே நோண்டுறே? பூட்டை விடு!"

"கத்தாதே வடிவு. இந்தா, விட்டாச்சு."

பதிவைத் திறந்தாள். அம்மாவின் கண்வழியே ஆஸ்பத்திரி வார்டு தெரிந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவன் அண்ணன்! எழவுக்கு மட்டும் வந்து மாலை போட்டுவிட்டுப் போனவன்.

"அடப்பாவி, அது நான் உட்கார்ந்த இடம்டா!" என்று வடிவு அலறினாள். இனி பேரப்பிள்ளைகள் பார்க்கப்போவதும் இதைத்தான்.

ஆனால் படத்தை மாற்றியவன் பேச்சை மாற்ற மறந்திருந்தான். ஊட்டுகிற அண்ணனின் முகத்தையே பார்த்தபடி அம்மா கேட்டாள்:

"போதும் வடிவு. உங்க அண்ணன் இன்னைக்காவது வருவானா?"