அம்மா கொடுத்த உலக்கை

முதல் அடி முழங்காலில் விழுந்தது.

அதே கணத்தில் மேளம் அதிர்ந்தது.

கொட்டகை கைதட்டியது.

அவள் விழுந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. செனகல் நாட்டு ருஃபிஸ்க் ஊரில், கல்யாணமோ பெயர்சூட்டலோ இல்லாமல், ஒரு பெண் தனியாளாக டிக்கெட் போட்டு ஆடுவதை அவர்கள் பார்த்ததே இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஒருவன் உலக்கையோடு ஓடிவந்து அவள் காலில் போட்டால், புது மாதிரி ஆட்டத்தில் இதுவும் ஒரு கட்டம் என்றுதான் நினைப்பார்கள்.

வலி இன்னும் வரவில்லை. முதலில் உலக்கைதான் அவள் கண்ணில் பட்டது.

வீட்டு உலக்கை.

நடுவில் கைபட்டுத் தேய்ந்தது. அடியில் பிளந்து கம்பி சுற்றியது. அம்மாவும் அவளும் எதிரெதிரே நின்று கம்பு இடிப்பார்கள். உலக்கையை மேலே வீசி, அது இறங்குவதற்குள் ஒரு கைதட்டு. அங்கே எல்லா வீட்டுப் பெண்களும் அப்படித்தான். அம்மாவுக்கு மட்டும் தட்டு எப்போதும் கொஞ்சம் பிந்தும். அவள் சிரிப்பாள். அம்மா முறைப்பாள்.

அம்மா எடுத்துக் கொடுக்காமல் அந்த உலக்கை வாசலைத் தாண்டாது.

அண்ணன் மறுபடி ஓங்கினான்.

மேடை ஏறினால் காலை உடைப்பேன் என்று போன வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தான். குதிரையேறிய வம்சமாம். அந்த வம்சத்துக்காரர்கள் உட்கார்ந்து பார்ப்பார்களாம், ஆடிக் காட்ட மாட்டார்களாம். மேளக்காரர் வீட்டுப் பெண்கள் ஆடலாம். இவள் ஆடினால் மானம் போய்விடுமாம். மானம் அவள் முழங்காலுக்குள் இருந்ததுபோல அங்கேயே அடித்தான்.

இந்தமுறை எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய் நிறைய ரத்தம்.

மேளம் நின்றது.

உசேனுவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கையாலும் ஒரு குச்சியாலும் வாசிக்கிறவன். இரண்டும் அந்தரத்தில் நின்றன. ஆடுகிறவளின் கால் தரையைத் தொடும்போது மேளம் பேசவேண்டும், அதுதான் அவன் பரம்பரைத் தொழில். முகத்தைப் பார்க்காதே, உடம்பு என்ன செய்கிறதோ அதற்கு வாசி என்று அவளும் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தாள். இப்போது அவள் முகத்தை அவன் பார்த்துவிட்டான். எழப் போனான்.

"எந்திரிக்காத உசேனு. வாசி."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு விரல்கூட அசைக்காமல் கிடந்தாள். கத்தவேண்டும் போலிருந்தது. ரத்தத்தோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

மேடையில் இனி அசைகிற உடம்பு ஒன்றுதான்.

அண்ணன் உலக்கையை உயர்த்தினான். மேளமும் கூடவே ஏறியது. உலக்கை அவள் தொடையில் இறங்கியது. மேளமும் இறங்கியது. மூச்சு வாங்கினான், அதற்கும் வாசிப்பு. கால் மாற்றி நின்றான், அதற்கும். உசேனு கண்ணீர் வழிய வழிய ஒன்றையும் விடாமல் வாசித்தான்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. முன்வரிசையிலிருந்து ஒருத்தி, அவர்கள் தெருக்காரிதான், தலைத்துணியை அவிழ்த்து அண்ணன் காலடியில் எறிந்தாள். நன்றாக ஆடுகிறவர்களுக்குத்தான் அங்கே தலைத்துணி எறிவார்கள்.

"அடேயப்பா! அந்த வீட்டுப் புள்ளைக்கு இப்படி ஆட வருமா!"

அப்போதுதான் அண்ணனுக்குக் காது கேட்டது.

உலக்கை பாதி உயரத்தில் நின்றது. மேளமும் நின்றது. கையை மெல்ல இறக்கினான், மேளம் மெல்ல இறங்கியது. துணியை உதைத்தான், மேளமும் உதைத்தது. கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. அவன் அப்படியே நின்றான். அசைந்தால் ஆட்டம்.

தரையில் கிடந்தபடி, அவன் முழங்கால் நடுங்குவதை அவள் பார்த்தாள். அந்த நடுக்கத்தையும் உசேனு குச்சி நுனியால் வாசித்தான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் கழுத்தைக் கடித்துவிடலாம் போன்ற சந்தோஷம்.

உலக்கையைப் போட்டுவிட்டு அவன் ஓடினான். வாசல்வரை ஒவ்வொரு எட்டையும் மேளம் ஊருக்குச் சொன்னது.

பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

இப்போது எழவில்லையென்றால், ஓடினாலும் ஜெயித்தவன் அவன்தான்.

உலக்கை உருண்டு கைக்கெட்டும் இடத்தில் கிடந்தது. ஊன்றி எழுந்தாள். உடைந்த கால் யாருடையதோ போலத் திரும்பித் தொங்கியது. கணுக்கால் வழியாக ரத்தம் பலகையில் சொட்டியது. யாரோ அலறினார்கள். இப்போது அவர்களுக்கும் புரிந்துவிட்டது.

பின்னாளில் எத்தனையோ நாட்டு மேடைகளில் அவள் காலை இழுத்து இழுத்து ஆடுவதைப் பார்த்தவர்கள், ஆப்பிரிக்க நடனத்தில் இது ஒரு புதுப் பாணி என்று எழுதினார்கள். எழுதட்டும்.

அன்றைக்கு அவளால் முடிந்தது ஒன்றே ஒன்று. உலக்கையைத் தூக்கினாள். பலகையில் குத்தினாள்.

உசேனு குச்சியைப் போட்டுவிட்டு, மேளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அதை நிறுத்தி அவள் முதுகுக்கு முட்டுக் கொடுத்தான்.

மறுபடி தூக்கினாள். குத்தினாள்.

அடுத்த குத்து இறங்குவதற்குள் இருட்டிலிருந்து ஒரு கைதட்டு. அதற்கடுத்ததற்கு நாலைந்து. பிறகு கொட்டகைப் பெண்கள் எல்லோருமே. விடியற்காலையில் முற்றத்துக்கு முற்றம் கேட்கிற அதே தட்டு. உலக்கை மேலே போகும், தட்டுவார்கள், இறங்கும். நூறு கைகள் ஒரே சமயத்தில்.

எல்லோரும் தட்டி முடித்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு தட்டு மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

அவள் உலக்கையை இன்னும் ஓங்கித் தூக்கினாள்.