நோன்புக்கு ஒரு மூலிகை

"நோன்பு வைக்க ஒரு மூலிகை குடு பஸ்யூனி. பகல்ல சர்க்கரை இறங்கி மயக்கம் வரக் கூடாது. அவ்வளவுதான்."

ரமலானுக்கு முந்தின நாள். என் கடைக்கு எதிரே இருந்த பஸ்யூனியின் நாட்டு மருந்துக் கடையில் நின்று இப்படிக் கேட்டவர் ஹாஜி தெமெர்தாஷ். தன்தா ஊருக்கும் கெய்ரோவுக்கும் இடையே நாற்பது வருடம் ரயில் ஓட்டியவர். என்ஜின் சத்தத்தோடு போட்டி போட்ட குரல். சந்தின் இந்தப் பக்கம் இருந்த என் இங்கிலீஷ் மருந்துக் கடைக்குள் வந்து விழுந்தது.

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"ஹாஜியாரே, போன வருஷம் மூணாம் நோன்புலயே பள்ளிவாசல் படியில விழுந்தீங்க. ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? நோன்பு கூடாது. மத்தியானம் சாப்பாடு, மாத்திரை. மறந்துடக் கூடாதுன்னு பெரிய எழுத்துல எழுதியும் குடுத்தேன்."

"எழுதினே. கண்ணுல புரை விழுந்தவனுக்கு எழுத்து எதுக்கு?"

"விளையாடாதீங்க. உயிர் போயிடும்."

"போகட்டும். என்ஜின் சூட்டுல நின்னுக்கிட்டே நாற்பது ரமலான் கழிச்சவன் நான். ஊரே நோன்பா இருக்கும்போது நான் மட்டும் சின்னப் பையன் மாதிரி மென்னுக்கிட்டு இருக்கணுமா? நீ உன் மாத்திரையை வித்துக்கோ, போ."

பஸ்யூனி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்தார். "உள்ளே வாங்க ஹாஜியாரே, பேசுவோம்" என்று அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போய்த் திரையை இழுத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் ஹாஜியார் அந்தத் திரைக்குப் பின்னால் போவார். இருபது நிமிடம். வெளியே வரும்போது முகம் தெளிந்திருக்கும். நடை உறுதியாக இருக்கும்.

என்ன பொடியைக் கொடுக்கிறாரோ என்று எனக்குக் கவலை. மருந்துப் படிப்புப் படித்து, ஊரே 'டாக்டர்' என்று கூப்பிடும் நான் சொல்லிக் கேட்காதவர், வெந்தயம் விற்கிறவர் சொல்லிக் கேட்கிறாரே என்ற எரிச்சலும் கூடவே இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இருபதாம் நோன்பன்று பொறுக்க முடியவில்லை. சந்தின் அந்தப் பக்கம் போய்த் திரையை விலக்கினேன்.

மங்கலான அறை. இரண்டு முக்காலிகள். ஹாஜியார் கையில் ஆவி பறக்கும் பருப்புச் சூப். பஸ்யூனி கையிலும் ஒரு கிண்ணம். கரண்டி வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"வாங்க டாக்டரே" என்றார் பஸ்யூனி, கரண்டியை இறக்காமலே. "சாப்பிடுங்கன்னு சொல்ல முடியாது. நீங்க நோன்பாளி."

"வெட்கமா இல்ல? கடைச் சுவர் முழுக்கக் குர்ஆன் வசனம் மாட்டி வச்சுக்கிட்டு, பட்டப்பகல்ல, ரமலான்ல! பாறாங்கல்லு மாதிரி இருக்கிற உடம்புக்கு என்ன கேடு?"

நான் சொன்னபடிதான் ஹாஜியார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. பஸ்யூனியின் கரண்டி மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஹாஜியார் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என் முழங்கையைப் பிடித்துச் சந்துக்கு இழுத்து வந்தார்.

"கத்தாதே தம்பி. அவன் மானம் போயிடும்."

"போகட்டும்!"

"அட, அவனுக்கும் சுகர்ப்பா. பத்து வருஷமா! வெளியே தெரிஞ்சா இவன்கிட்ட எவன் மருந்து வாங்குவான்? அதான் மூடி வச்சிருக்கான். நோன்பு கூடாதுன்னு அவனுக்கும் சொல்லிட்டாங்களாம். 'தனியா உட்கார்ந்து சாப்பிட வெட்கமா இருக்கு ஹாஜியாரே, தொண்டையில இறங்க மாட்டேங்குது'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டான். நான் என்ன பண்ண? அவனுக்காக என் நோன்பை விட்டேன்."

"நீங்களா?"

"நான் ஒரு மாத்திரை போட்டாத்தான் அவனும் போடுறான். நான் சாப்பிட்டாத்தான் அவனும் சாப்பிடுறான். ஒரு மனுஷன் உசிரு தம்பி! அல்லாஹ்கிட்ட நான் பேசிக்கிறேன்." என் காதருகே குனிந்தார். "நீ ஒண்ணும் சொல்லாதே. அவன் கொஞ்சம் பிடிவாதக்காரன். நல்லது சொன்னாக் கேட்க மாட்டான். நானே மெள்ள மெள்ளத்தான் வழிக்குக் கொண்டு வந்திருக்கேன்."

கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு, ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தபடி அவர் போனார்.

நான் திரும்ப உள்ளே போனேன். பஸ்யூனி முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"பத்து வருஷமா சுகராமே? எதிர்ல கடை வச்சிருக்கேன். ஒரு அட்டை மாத்திரை என்கிட்ட வாங்கினதில்லையே?"

அவர் இடது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு வறுத்த கடலை.

"ஹாஜியார் கண்ணுக்கு இதுதான் என் மாத்திரை. இதையும் முழுங்கறதில்ல."

"அப்போ சுகர்?"

"எனக்கா? நல்லாச் சொன்னீங்க!"

"சூப்பு?"

கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. அலமாரியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோலக் காய்ந்து கிடந்தது.

"டாக்டரே, உங்க கடையில களிம்பு ஏதாவது இருக்கா? வெறும் கிண்ணத்துல இருபது நாளாக் கரண்டி தட்டி மணிக்கட்டு வீங்கிப்போச்சு. வாசனை இல்லாததாப் பார்த்துக் குடுங்க. என் தைலத்தைத் தடவினா ஹாஜியார் மோப்பம் பிடிச்சுருவார். இன்னும் பத்து நோன்பு பாக்கி இருக்கு!"